முழுப் பணமும் கொடுத்த பிறகு டிசைன் ஃபைல் யாருடையது?

கேள்வி இது: லோகோவும் பொருளை அடைக்கும் பெட்டிக்கான டிசைனும் செய்து தரச் சொல்லி ஒருவர் ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் வேலை கொடுத்திருக்கிறார். பேசிய தொகையை முழுவதும் கொடுத்தாகிவிட்டது. டிசைனர் பிடிஎஃப், பிஎன்ஜி ஃபைல்களை அனுப்பிவிட்டார். ஓப்பன் ஃபைல், அதாவது டிசைனைத் திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். “காசு கொடுத்தது நான். ஃபைல் என்னுடையதுதானே?”

எழுத்தில் எதையும் பேசி முடிக்கவில்லை என்றால், பெரும்பாலான நாடுகளில் நிலைமை இதுதான். டிசைனின் பதிப்புரிமை டிசைனரிடமே இருக்கிறது. எந்த வேலைக்காகக் கேட்டு வாங்கினீர்களோ, அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. ஓப்பன் ஃபைலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை, ஒப்பந்தத்தில் இருந்தால் ஒழிய, டிசைனருக்குக் கிடையாது.

கேட்டதும் கோபம் வரும் என்று தெரியும். டிசைனர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் இந்தக் கோபத்தைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக இரண்டு பேரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். வேலை தொடங்குமுன் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாததுதான் சிக்கல்.

நீங்கள் கொடுத்த ஒரே தொகைக்குள் தனித்தனியான மூன்று சமாச்சாரங்கள் இருக்கலாம். ஒன்று, ஃபைலின் ஒரு பிரதி. இரண்டாவது, அந்த டிசைனை அச்சிட, இணையதளத்தில் போட, பெட்டியில் ஒட்டப் பயன்படுத்தும் உரிமை. மூன்றாவது பதிப்புரிமை: அதை யார் நகலெடுக்கலாம், யார் மாற்றலாம், யாருக்கு விற்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம். முதலாவது கையில் இருப்பதால் மூன்றாவதும் வந்துவிட்டதாக ஆகாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: பொருளின் உடைமை வேறு, பதிப்புரிமையின் உடைமை வேறு, ஒன்றைக் கைமாற்றினால் மற்றது தானாகக் கைமாறாது. இந்த எண்ணம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1886-இல் பிறந்த பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி, படைத்த உடனேயே, எந்தப் பதிவும் இல்லாமல், உரிமை உருவாகிவிடுகிறது. அது முதலில் போய்ச் சேரும் கை படைத்தவருடையது.

விதிவிலக்குகள் உண்டு. பெரிய விதிவிலக்கு, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர். உங்கள் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும் டிசைனர் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு, பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு, இரண்டும் இப்படித்தான். ஃப்ரீலான்ஸ் டிசைனர் உங்கள் ஊழியர் அல்ல.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம் அல்லது உருவப்படம், செதுக்கு வேலை, திரைப்படம் ஆகியவற்றுக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே கல்யாண ஆல்பத்துக்கு ஒரு விடையும் லோகோவுக்கு வேறு விடையும் வரலாம். லோகோ, பெட்டி டிசைன், பக்க வடிவமைப்பு எதுவும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. “புகைப்படக்காரர் எனக்கே உரிமை என்றார், டிசைனர் ஏன் மறுக்கிறார்” என்ற குழப்பம் பலருக்கு இங்கிருந்துதான் வருகிறது.

மற்ற நாடுகளில் காற்று படைப்பவர் பக்கமே வீசிக்கொண்டிருக்கிறது. பணம் கொடுத்துக் கேட்டவரே புகைப்படத்துக்கு உரிமையாளர் என்ற பழைய விதியைக் கனடா 2012-இல் எடுத்துவிட்டது. பதிவு செய்யப்படாத பொருள் வடிவமைப்புகளில் வேலை கொடுத்தவருக்கு இருந்த முன்னுரிமையைப் பிரிட்டன் 2014-இல் நீக்கியது. சிங்கப்பூர் தன் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டணத்துக்கு எடுக்கும் புகைப்படம், உருவப்படம் முதலியவற்றின் முதல் உரிமையைப் படைத்தவருக்கே கொடுத்தது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. அங்கே படைத்தவர் உயிரோடு இருக்கையில் பதிப்புரிமையை முழுதாக விற்கவே முடியாது. பயன்பாட்டு உரிமைகளை மட்டும், வேண்டிய அளவுக்கு விரிவாக, கொடுக்கலாம்.

“ஐடியா என்னுடையது. வண்ணம், எழுத்து, இடம் எல்லாம் நான்தான் சொன்னேன். அவர் கை மட்டும்தான்.” இதுவும் அடிக்கடி வரும் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கைத் தீர்த்தது. வீடற்றோருக்காக உழைக்கும் ஓர் அமைப்பு, தெருவில் வாழும் ஒரு குடும்பத்தைக் காட்டும் சிலையை ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் கேட்டது. கருத்து அமைப்புடையது. உருவங்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது வரை சொன்னார்கள், பட்டறைக்குப் போய்ப் பார்த்தார்கள், பணமும் கொடுத்தார்கள். ஆனாலும் ரீட் அவர்களுடைய ஊழியர் அல்ல, சொந்தக் கருவிகளோடு சொந்தப் பட்டறையில் வேலை செய்த தனி ஒப்பந்தக்காரர், ஆகவே வேலை கொடுத்ததாலேயே சிலையின் பதிப்புரிமை அந்த அமைப்புக்குச் சொந்தமாகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. இருவரும் கூட்டுப் படைப்பாளர்களா என்ற கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதற்குக் கொடுத்த வடிவத்துக்குத்தான். நீங்களே கோடு போட்டு, உருவம் வரைந்து கொடுத்திருந்தால் கதை வேறு.

இதுவரை சொன்னது டிசைனருக்குச் சாதகம். உங்கள் கையிலும் கணிசமான பலம் இருக்கிறது.

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1990-இல் ஒரு வழக்கை விசாரித்தது. ஒரு இயக்குநர் தன் படத்துக்குச் சிறப்புக் காட்சிகள் எடுத்துத் தரச் சொன்னார். உரிமை பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு காட்சி பிடிக்காததால் அதற்குப் பேசியதில் பாதிதான் கொடுத்தார், ஆனால் படத்தில் சேர்த்துவிட்டார். எழுத்து இல்லாததால் பதிப்புரிமை கைமாறவில்லை, ஆனால் பயன்படுத்தும் அனுமதி சொல்லாமலே கொடுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்கு யாரும் அவ்வளவு பணம் தருவதில்லை என்பதுதான் அதன் நியாயம். மீதிப் பணத்துக்குக் காட்சிகளை எடுத்துக் கொடுத்தவர்கள் தனியே வழக்குப் போடலாம். ஆகவே முழுத் தொகை கொடுத்த உங்களிடம், “பெட்டியில் என் டிசைனை அச்சிடாதே” என்று டிசைனர் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் எடுபடாது.

லோகோ என்றால் பலம் இன்னும் கூடும். பிரிட்டனின் ஏர்வேர் காலணி லோகோ வழக்கு இதற்கு நல்ல சான்று. 1988-இல் காலணி நிறுவனம் விளம்பர நிறுவனத்திடம் வேலை கொடுத்தது. விளம்பர நிறுவனம் ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனரிடம் கொடுத்தது. மணிக்கணக்கில் கூலி. பதிப்புரிமை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த டிசைனர் லோகோவின் பதிப்புரிமையை ஆஸ்திரேலியாவில் இருந்த போட்டி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டப் புத்தகத்தின்படி உரிமை அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் லோகோ என்பதே ஒரு நிறுவனம் உலகம் முழுக்கத் தன் அடையாளமாகப் பயன்படுத்துவதற்குத்தான், பிறரைத் தடுக்கும் உரிமையும் அதற்குத் தேவை, ஆகவே நியாயப்படி உரிமை காலணி நிறுவனத்துடையது என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அந்த நியாயம் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதைப் பெற ஒரு நிறுவனம் இரண்டு நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கையெழுத்திட்ட ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

இதிலேயே கவனிக்க வேண்டிய இன்னொன்று, நடுவில் இருக்கும் ஏஜென்சி. ஏஜென்சியிடம் நீங்கள் உரிமை எழுதி வாங்கியிருக்கலாம். வரைந்த ஃப்ரீலான்ஸரிடம் ஏஜென்சி எழுதி வாங்கியிருக்கிறதா? தன்னிடம் இல்லாததை ஏஜென்சியால் உங்களுக்குத் தர முடியாது. கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதேபோல வர்த்தக முத்திரை தனிச் சரக்கு. அந்தப் பெயரிலும் அடையாளத்திலும் வியாபாரம் செய்பவர் நீங்கள், ஆகவே முத்திரை உரிமை உங்கள் பக்கம் வளரும். ஆனால் முத்திரையைப் பதிவு செய்துவிட்டதாலேயே ஓவியத்தின் பதிப்புரிமையும் வந்துவிட்டதாக நினைத்து இருந்துவிடாதீர்கள்.

ஓப்பன் ஃபைல் விஷயத்துக்கு வருவோம். சண்டை முக்கால்வாசி இங்கேதான்.

டிசைனர் ஏன் தயங்குகிறார் என்று வாடிக்கையாளர்களுக்குப் புரிவதில்லை. உங்களுக்கு வந்த பிடிஎஃப் முடிந்த பண்டம். இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், இன்டிசைன் அல்லது கோரல் ஃபைல் அதைச் செய்த வழி. லேயர்கள், மாஸ்க்குகள், கிரிட், பல வேலைகளுக்காகச் சேர்த்து வைத்த பிரஷ்கள், ஒளித்து வைத்த பழைய வடிவங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் பிரின்ட்டைக் கொடுத்துவிட்டு நெகட்டிவைத் தங்களிடம் வைத்துக்கொண்ட வழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. அச்சகங்கள் பிளேட்டையும் ஃபிலிமையும் தங்கள் உடைமையாகக் கருதி வந்ததும் அப்படியே.

தவிர, அந்த ஃபைலுக்குள் இருக்கும் எல்லாமே டிசைனருடையதும் அல்ல. எழுத்துருவை அவர் லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்துகிறார். பெரும்பாலான எழுத்துரு லைசென்ஸ்கள், ஃபான்ட் ஃபைலைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுப்பதை அனுமதிப்பதில்லை. அதனால்தான் நல்ல டிசைனர்கள் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடுகளாக, மாற்றிக் கொடுக்கிறார்கள், அல்லது எழுத்துருவின் பெயரைச் சொல்லி உங்களையே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். இணையத்தில் லைசென்ஸுக்குக் கிடைக்கும் ஸ்டாக் படங்களும் அப்படித்தான். “எல்லா உரிமையையும் எழுதிக் கொடு” என்று கேட்டால் அவரால் இவற்றைச் சேர்த்துக் கொடுக்க முடியாது. கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டால் உங்கள் இருவருக்கும் ஆபத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முடிந்த பண்டத்தை வைத்து வாடிக்கையாளரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது பண்டத்தைப் பொறுத்தது, இதை டிசைனர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எம்பிராய்டரிக்கு டிஜிட்டைஸ் செய்பவர்கள், அதாவது படத்தைத் தையல் இயந்திரத்துக்கான கட்டளையாக மாற்றுபவர்கள், டிஎஸ்டி ஃபைல் தருவார்கள். அதில் ஊசி எங்கே நகர வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்பதுதான் இருக்கும். நூலின் உண்மையான நிறம்கூட இருக்காது. சட்டைப் பைக்குச் செய்ததை முதுகுக்குப் பெரிதாக்கினால் தையல்கள் விலகித் துணி தெரியும், ஏனெனில் தையல் எண்ணிக்கை மாறாது. உருவங்களாகச் சேமித்த இஎம்பி போன்ற மூல ஃபைல் இருந்தால் மென்பொருளே தையலைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். முப்பரிமாண வேலையில் எஸ்டிஎல் ஃபைல் வெறும் முக்கோணங்களின் வலை. ஒரு துளையின் விட்டத்தை மாற்ற வேண்டும் என்றாலும் திணற வேண்டியதுதான். ஸ்டெப் ஃபைலில் துல்லியமான பரப்புகள் இருக்கும். எந்த அளவைத் தட்டினால் எது மாறும் என்ற வரலாற்றோடு சேர்ந்த வடிவம் வேண்டுமென்றால், வரைந்த கேட் (CAD) மென்பொருளின் மூல ஃபைல்தான். ஆகவே “இறுதி ஃபைல்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வடிவம், எந்த அளவு, எதில் திருத்த முடிய வேண்டும் என்று எழுதுங்கள்.

நியாயம் எது என்று கேட்டால் என் கருத்து இது. லோகோவுக்கு வெக்டர் மூலத்தையும், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத ஃபைலையும், முழு உரிமையையும் கொடுப்பதே சரி. எஸ்விஜியோ, திருத்தக்கூடிய பிடிஎஃப்போ இல்லாமல் லோகோ வேலை முடிந்தது என்று சொல்வது அரைகுறை வேலை. ஒரு நிறுவனம் தன் முகத்தைத் திருத்த ஒவ்வொரு முறையும் ஒருவரிடம் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன். பெட்டி டிசைனுக்கும் அச்சுக்குத் தயாரான, மடிப்புக் கோடுகளோடு கூடிய ஃபைல் வந்தாக வேண்டும். ஆனால் ஓவியங்கள், பேட்டர்ன்கள், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கான டெம்ப்ளேட்டுகள் போன்றவற்றில் டிசைனர் உரிமையை வைத்துக்கொண்டு பயன்பாட்டை மட்டும் கொடுப்பது முழுக்க நியாயம். ஓப்பன் ஃபைலுக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் நியாயமே, ஆனால் வேலை தொடங்குமுன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்து, அச்சகம் காத்திருக்கும் நாளில் முதல்முறையாகச் சொன்னால், சட்டம் அவர் பக்கம் இருந்தாலும் நடத்தை சரியில்லை.

பணம் வரும்வரை ஃபைலை நிறுத்தி வைக்க டிசைனருக்கு வழி உண்டு. பணம் முழுதாக வந்த பிறகு, ஒப்புக்கொண்ட ஃபைலை நிறுத்தி வைத்தால் அது ஒப்பந்த மீறல்.

சிறு கேள்விகள் சில. மூன்று மாதிரி காட்டினார், ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள் என்றால் மற்ற இரண்டும் அவருடையவை, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. நீங்கள் கொடுத்த படமும் எழுத்தும் உங்களுடையவையே, அவற்றை வைத்து அவர் வேறொருவருக்கு எதுவும் செய்ய முடியாது. ஃபிக்மா போன்ற இணையக் கருவியில் வேலை நடந்திருந்தால், ஃபைல் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் உங்களுடையது என்று இருந்தும் கணக்கு அவர் பெயரில் இருந்தால், அது மூடப்படும் நாளில் நீங்கள் வெளியே நிற்பீர்கள். டிசைனர் ஃபைலை எத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் பொது விதி இல்லை. வாங்கிய உடனே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கிய லோகோ என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. மனிதப் படைப்பு இல்லாத பகுதிக்குப் பதிப்புரிமை இல்லை, கருவிக்குக் கட்டளை எழுதியது மட்டும் போதாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் நிலை. இல்லாத உரிமையை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆகவே எந்த அளவு கையால் செய்தது என்று டிசைனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உரிமையை எழுதி வாங்குவது என்று முடிவு செய்தால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பில்லில் “காப்பிரைட் உட்பட” என்று ஒரு சொல் போட்டால் போதாது. இந்தியாவில் 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையைக் கொடுப்பவர் அல்லது அவர் அனுமதித்த பிரதிநிதி கையெழுத்திட வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். நிலப்பரப்பைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றித் தந்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். இந்த மூன்றும் எத்தனையோ பேருக்குத் தெரியாது. எல்லா உரிமையும் வாங்கிவிட்டதாக நிம்மதியாக இருப்பார்கள், ஐந்தாவது ஆண்டு முடிவில் உரிமை திரும்பிப் போயிருக்கும். பிரான்சில் ஒவ்வோர் உரிமையையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுத வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை மாறாது. ஆளுக்கொரு நாட்டில் இருந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “ஒப்புக்கொண்ட தொகை முழுவதும் கிடைத்த நாளிலிருந்து, இணைப்பில் காட்டியுள்ள இறுதி டிசைனின் பதிப்புரிமை முழுவதையும், நகலெடுத்தல், வெளியிடுதல், மாற்றியமைத்தல் உட்பட எல்லாப் பயன்பாடுகளுக்கும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை இவருக்கு மாற்றித் தருகிறேன். பயன்படுத்தாமல் இருப்பதால் இந்த மாற்றம் காலாவதியாகாது. எழுத்துருக்களும் இணைப்பில் குறித்த ஸ்டாக் படங்களும் இதில் அடங்கா. இன்னின்ன வடிவங்களில் ஃபைல்கள் தரப்படும். என் வேலையாகக் காட்டிக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்.” கடைசி வரியை டிசைனர்கள் கேட்காமல் விடுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். பெரிய தொகை என்றால் ஒரு வழக்கறிஞர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

எல்லாவற்றையும் எழுதி வாங்கிய பிறகும் படைத்தவரிடம் ஒன்று மிச்சம் இருக்கும். புது தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அரசுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள், அது சிதைந்தது. பணம் கொடுத்தது அரசு, சிற்பம் அரசின் உடைமை. ஆனாலும் தில்லி உயர் நீதிமன்றம் 2005-இல், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் கீழ் படைத்தவருக்கு உள்ள தனி உரிமை மீறப்பட்டது என்று சொல்லி, எஞ்சிய துண்டுகளை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. லோகோவின் நிறத்தை மாற்றியதற்கெல்லாம் யாரும் இந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் ஓர் ஓவியரின் படத்தை வெட்டிச் சிதைத்து அவர் பெயரோடு வெளியிடுவதற்குமுன் இந்தப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இப்போது என்ன செய்யலாம்? முதலில் பழைய மின்னஞ்சல், வாட்ஸப் உரையாடல், கொட்டேஷன் எல்லாவற்றையும் தேடுங்கள். “ஃபைல் எல்லாம் கொடுத்துவிடுவேன்” என்று எங்காவது அவர் எழுதியிருந்தால், ஃபைல்களைக் கேட்க அது உங்களுக்கு ஆதாரம். எதுவும் இல்லையென்றால் “என் சொத்தைக் கொடு” என்று ஆரம்பிக்காமல், எதற்காக வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் முகவரி மாறும், புது அளவு வரும் என்பதற்காக என்றால், எழுத்துப் பகுதியை மட்டும் திருத்தும்படியான ஒரு ஃபைல் போதும், அதற்கு அநேகர் ஒப்புக்கொள்வார்கள். லோகோவுக்கு மட்டும் வெக்டர் ஃபைலையும் கையெழுத்திட்ட உரிமை மாற்றத்தையும் கேளுங்கள். அவர் கேட்கும் கூடுதல் தொகை, வேறொருவர் புதிதாக வரைய ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தால் கொடுத்து முடித்துவிடுங்கள். அந்தப் பணத்தோடு சேர்த்துக் கையெழுத்தையும் வாங்குங்கள். ஃபைல் மட்டும் வந்து உரிமை வராவிட்டால், அதை நீங்கள் திருத்தியதும் அடுத்த தகராறு தொடங்கும்.